வழி தவறியவனும் லோட்டாக் கயிறும்

நீண்ட பிரயாணம் புறப்படுகிறவர்கள் எக்காலத்திலும் இருவகைச் சுமைகளைக் கொண்டு செல்கின்றனர். வண்டியிலோ, ஒட்டகத்தின் மீதோ, கூலியாளின் தலையிலோ ஏற்றி அனுப்பப்படுவது ஒரு வகை. இடுப்பிலும் தோளிலும் மடியிலுமாக உடம்போடு ஒட்டியிருப்பது மற்றொரு வகை. சரித்திர நூல்கள் பெரும்பாலும் முதல்வகைச் சுமையையே விரித்துரைக்கும். அரசன் அனுப்பிய பரிசுகள் எத்தனை, படையோடு சென்ற யானைகள் எத்தனை, வணிகச் சாத்து ஏற்றிச் சென்ற பொதிகள் எத்தனை என்று அவை கணக்குச் சொல்லும். ஆயினும் ஒருவன் வழி தவறிக் காட்டிலோ பொட்டல் வெளியிலோ தனித்து நிற்கும் வேளையில் அந்தப் பெருஞ்சுமை அவனுக்கு உதவுவதில்லை. அது எங்கோ வண்டியில் இருக்கிறது; வண்டி எங்கே என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. அப்போது அவனுக்குத் துணையாவன உடம்போடு இருந்த சிறு சாமான்களே. அவற்றின் வரலாற்றையே நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, பூட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற அலிகார் நகரை அடுத்த பகுதியில் 1342-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. டில்லியிலிருந்து கான்பூர் மார்க்கமாகக் கிழக்கே செல்லும் நம்மவர்கள் பலர் இந்நகரை ரெயிலில் கடந்து சென்றிருப்பார்கள். அந்நாளில் இதற்குக் கோல் என்று பெயர்.

மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304-ஆம் ஆண்டில் பிறந்து, உலகின் பெரும்பகுதியைச் சுற்றி வந்த இப்னு பதூதா என்னும் அறிஞரைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பிற்காலத்தில் மதுரையிலும் வந்து தங்கியவர் அவர். டில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் கீழ் அவர் காஜியாகப் பதவி வகித்தார். 1342-இல் சுல்தான் அவரைத் தம் தூதராகச் சீனப் பேரரசரிடம் அனுப்பினார். அத்தூதுக் குழு கொண்டு சென்ற பரிசுகளை அவரே வரிசைப்படுத்திக் கூறுகிறார். உயர்சாதிக் குதிரைகள் 100, அடிமைகள் 100, ஆடல் பாடல் மகளிர் 100, பலவகைத் துணிகள், பொன்னாலும் வெள்ளியாலுமான பாத்திரங்கள், வாள்கள், முத்துப் பதித்த கையுறைகள் எனப் பட்டியல் நீள்கிறது. காவலுக்கு 1,000 குதிரை வீரர்கள் உடன் சென்றனர். வழியிற் போகும் மனிதனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேண்டுவதில்லை என்றே எவருக்கும் தோன்றும்.

கோல் நகரை அடுத்த ஜலாலி என்னும் ஊரில் கலகம் மூண்டிருந்தது. அதனை அடக்குவதில் தூதுக் குழுவினரும் கலந்துகொண்டனர். அந்நாட்களில் ஒருநாள் இப்னு பதூதா தம் தோழரை விட்டுப் பிரிய நேர்ந்தது. எதிரிகள் துரத்தினர். அவருடைய குதிரையின் முன்னங்கால் கற்களுக்கிடையே அகப்பட்டது. இறங்கி விடுவித்து, மீண்டும் ஏறி, ஆழ்ந்த பள்ளம் ஒன்றில் புகுந்து வெளிப்பட்டபோது தாம் இருக்குமிடம் அவருக்குத் தெரியவில்லை. வில்லேந்திய நாற்பது பேர் அவரைச் சூழ்ந்தனர். உடுத்த உடை சில தவிர அனைத்தையும் பறித்துக்கொண்டனர். அவரைக் கொல்லும்படி மூவரிடம் ஒப்படைத்தனர். அம்மூவரும் மனமிரங்கி விட்டுவிட்டனர். உயிர் தப்பியது, வழி கிடைக்கவில்லை.

அதன் பின்னர் அவர் பட்ட பாட்டை அவருடைய பிரயாண நூல் விரிவாகக் கூறுகிறது. பகலில் மறைவிடங்களில் ஒளிந்தார். இலந்தை மரங்களின் பழத்தைத் தின்றார். அவற்றின் முட்கள் கைகளைக் கிழித்தன. ஓரிரவு, தானியம் சேர்க்கும் பெரிய குதிர் ஒன்றின் அடியிலிருந்த துளைவழியே உட்புகுந்து, அங்கே கிடந்த வைக்கோலின்மேல் படுத்து உறங்கினார். ஓர் ஊரில் உணவு கேட்டார், இல்லையென்றனர். கிணற்றருகே கிடைத்த முள்ளங்கி இலைகளைத் தின்று பசியாறினார். எட்டாவது நாள் தாகம் தாங்க முடியாத நிலையை அடைந்தது.

அப்போது அவர் கண்ணில் ஒரு கிணறு பட்டது. அதில் கயிறு இருந்தது. நீர் முகக்கப் பாத்திரம் இல்லை. தலையில் கட்டியிருந்த துணியைக் கயிற்றில் முடிந்து இறக்கினார். நனைந்த துணியைப் பிழிந்தும் சப்பியும் தாகம் தணியவில்லை. காலணி ஒன்றைக் கட்டி இறக்கினார்; சிறிது நீர் கிடைத்தது. இரண்டாம் முறை இறக்கியபோது கயிறு அறுந்து காலணி கிணற்றில் விழுந்தது. மற்றொரு காலணியைக் கட்டி இறக்கித்தான் அவரால் வயிறாரக் குடிக்க முடிந்தது. பின்னர் அந்தக் காலணியையே அறுத்து, அதன் தோலைக் கயிற்றாலும் கந்தலாலும் பாதங்களில் கட்டிக்கொண்டார். சீனப் பேரரசருக்குப் பொற்பாத்திரங்களைக் கொண்டு சென்ற தூதரிடம் அன்று ஒரு செம்பு இல்லை.

அவ்வாறு கட்டிக்கொண்டிருந்த வேளையில் ஒரு மனிதர் எதிரே வந்து நின்றார். கரிய நிறத்தவர். கையில் ஒரு குடுவையும் தடியும், தோளில் ஒரு பையும் இருந்தன. ஸலாம் கூறிவிட்டு, நீ யார் என்று பாரசீக மொழியில் வினவினார். வழி தவறியவன் என்றார் இப்னு பதூதா. தாமும் வழி தவறியவரே என்றார் வந்தவர். ஆனால் இருவருக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. வந்தவரிடம் கயிறு இருந்தது. அதைக் குடுவையில் கட்டி இறக்கி நீர் முகந்தார். உடனே குடிக்க விரைந்தவரைப் பொறுத்திருக்கச் சொல்லி, தோள்பையைத் திறந்தார். சிறிது அரிசியோடு சேர்த்து வறுத்த கறுப்புக் கொண்டைக்கடலையில் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தார். அதனை உண்ட பின்னரே நீர் பருகச் செய்தார். பின்பு, நடக்க இயலாது தளர்ந்த அவரைத் தம் தோளில் சுமந்து சென்றார். இப்னு பதூதா அத்தோளிலேயே உறங்கிவிட்டார். விழித்தபோது ஓர் ஊரில் இருந்தார். சுமந்து வந்தவரைக் காணவில்லை. அந்த ஊர் கோல் நகரத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லை. எட்டு நாட்கள் அலைந்தும் புறப்பட்ட இடத்திற்கு அண்மையிலேயே அவர் சுற்றிக்கொண்டிருந்தார் என்று தெரிகிறது.

வந்தவர் ஒரு மகான் என்றே இப்னு பதூதா நம்பினார். எகிப்து நாட்டில் ஒரு பெரியவர், இந்தியாவில் தில்ஷாத் என்பவர் உன்னை இடரிலிருந்து காப்பார் என்று பல ஆண்டுகளுக்கு முன்னர் கூறியிருந்தார். காப்பாற்றியவர் தமக்குக் கூறிய பெயரும் அதே பொருளைத் தருவதாகவே இருந்தது. அந்த நம்பிக்கையைப் பற்றி நாம் வழக்காட வேண்டியதில்லை. வரலாறு கற்கிறவர்கள் அந்தத் தோள்பையையும் சற்று உற்று நோக்குதல் வேண்டும். கயிறு, குடுவை, தடி, வறுத்த கடலை: இவை அந்நாளைய சாதாரண வழிப்போக்கன் எவனும் வைத்திருந்த பொருள்கள். ஆபத்து வரும் என்று எண்ணி அவர் இவற்றைச் சேகரித்திருக்க வேண்டியதில்லை. நாள்தோறும் பயன்பட்டமையால் நாள்தோறும் உடனிருந்தன. உடனிருந்தமையால் ஆபத்திலும் பயன்பட்டன.

இப்பொருள்களை ஒவ்வொன்றாகக் காண்போம். முதலாவது, நீர் முகக்கும் பாத்திரமும் கயிறும். வடநாட்டில் குடியேறிய தமிழர்களுக்கு லோட்டா என்ற சொல் பழகியதே. நம் வீட்டுச் செம்புக்கு அது நெருங்கிய உறவு. குழாய்களும் கைப்பம்புகளும் பரவும் முன்னர், கங்கைச் சமவெளியில் நடந்து சென்றவர்கள் லோட்டாவையும் டோரி எனப்படும் கயிற்றையும் இணைபிரியாமல் கொண்டு சென்றனர். லோட்டாவின் வடிவமே அதன் வேலையைச் சொல்லும். விரிந்த விளிம்பின் கீழே கழுத்துக் குறுகியிருப்பதால் அங்கே கட்டிய கயிறு நழுவாது. வயிறும் அடியும் உருண்டிருப்பதால், நீரைத் தொட்டவுடன் பக்கவாட்டில் சாய்ந்து தானே நிரம்பும். மேலே இழுக்கும்போது வாய் குறுகலாதலின் நீர் அதிகம் சிந்தாது. 1958-ஆம் ஆண்டில் இந்திய அரசின் அழைப்பை ஏற்று இங்கு வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், இந்நாட்டில் தாங்கள் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததாக லோட்டாவையே தங்கள் அறிக்கையில் பாராட்டினர். அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. எந்தத் தனி மனிதரும் திட்டமிடாமல், தலைமுறை தலைமுறையாக மக்களின் கைகளில் திருந்தி வந்த வடிவம் அது.

இரண்டாவது, உணவு. ஈரம் உள்ள உணவு விரைவில் கெடும். வறுத்த தானியத்தில் ஈரம் இல்லை. ஆகவே பல நாட்கள் கெடாது. சமைக்க நெருப்பும் வேண்டாம். பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் உழைப்பாளிகள் துணியில் முடிந்து செல்லும் சத்து மாவு, கடலையையோ வாற்கோதுமையையோ வறுத்து அரைத்ததே. நீர் கிடைத்த இடத்தில் கரைத்துக் குடித்தால் ஒருவேளை உணவாகும். திபெத்தியர் சாம்பா என்று அழைப்பதும் வறுத்த வாற்கோதுமை மாவே. நம் ஊர் அவலும் பொரிகடலையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. கட்டுச்சோறு ஒருநாள் வழிக்கு உரியது. எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று அறியாதவனுக்கு உரியது வறுத்த தானியம்.

மூன்றாவது, நெருப்பு. நாம் சக்கிமுக்கிக் கல் என்கிறோம். இந்திக்காரர்கள் சக்மக் என்கின்றனர். துருக்கிய மொழியில் தோன்றிப் பாரசீகத்தின் வழியே இந்திய மொழிகளில் புகுந்த சொல் இது. கல்லும் எஃகும் மோதும்போது எஃகிலிருந்து நுண்ணிய துகள்கள் சீவப்பட்டுப் பொறியாக எரிகின்றன. அப்பொறியைக் கருக்கிய பஞ்சிலோ துணியிலோ ஏந்தி ஊதி நெருப்பாக்க வேண்டும். இமயமலைப் பகுதிகளிலும் திபெத்திலும் இதற்கெனவே ஒரு சிறு தோல் உறை உண்டு. அதன் அடிவிளிம்பில் எஃகுத் தகடு பொருத்தியிருக்கும். உள்ளே கல்லும் பஞ்சும் இருக்கும். மலைவாசிகள் அதனை இடுப்புக் கச்சையிலேயே தொங்கவிட்டிருந்தனர். மூட்டையில் வைத்தால் வேண்டும்போது அகப்படாது என்பதை அறிந்திருந்தனர். பிற்காலத்தில் தீப்பெட்டி இவற்றின் இடத்தைப் பிடித்தது. அந்த மாற்றத்தில் நம்மவர்க்கும் பங்குண்டு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வெளி மாநிலம் சென்று கற்றுவந்த அத்தொழிலின் சரக்கு, பின்னர் நாடெங்கும் வழிப்போக்கர்களின் சட்டைப் பைகளில் இடம்பெற்றது.

நான்காவது தேவை, தான் எங்கே இருக்கிறோம் என்னும் அறிவு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், வழுக்கும் பாறைகள் ஆகியவற்றைச் சொல்லிக் கூத்தர்களுக்கு மலைவழியை விளக்குகிறது. ஆனால் வழி சொல்ல எவருமில்லாத நிலப்பகுதியில் என் செய்வது? இக்கேள்விக்கு விடை தந்தவர் குமாவுன் மலையைச் சேர்ந்த நயின் சிங் ராவத் என்னும் பள்ளி ஆசிரியர்.

அயல்நாட்டார் திபெத்தினுள் புகத் தடை இருந்த காலம் அது. இந்திய நில அளவைத் துறையினர் நயின் சிங்குக்கு டேராடூனில் பயிற்சி அளித்து, யாத்திரிகர், வணிகர் முதலிய வேடங்களில் அனுப்பினர். 1865-66-ஆம் ஆண்டுகளில் அவர் லாஸா வரை சென்று திரும்பினார். ஏறத்தாழ 1,200 மைல் தூரத்தை அடிக்கணக்கால் அளந்தார். அவருடைய கருவிகள் யாத்திரிகனின் சாதாரண உடைமைகளுக்குள்ளேயே மறைந்திருந்தன. வழக்கமான ஜெபமாலையில் 108 மணிகள் இருக்கும். அவருடையதில் 100 மட்டுமே. நூறு அடிக்கு ஒரு மணியை நகர்த்துவார். மாலை ஒரு முறை சுற்றினால் 10,000 அடி. மைலுக்கு 2,000 அடியாக ஐந்து மைல். ஜெபச் சக்கரத்தின் உள்ளே மந்திரத் தாளுக்குப் பதில் அளவைக் குறிப்புகள் இருந்தன. தடியினுள் வெப்பமானி இருந்தது. கொதிக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டு இடத்தின் உயரத்தைக் கணிக்க அது உதவியது. சோழிகளில் பாதரசம் அடைத்திருந்தது. மலைவாசிகள் உணவுக்கென உடன் கொண்டு செல்லும் மரக்கிண்ணத்தில் அப்பாதரசத்தை ஊற்றினால் சலனமற்ற கண்ணாடிபோல் நிற்கும். அதில் விண்மீனின் நிழலை நோக்கி அட்சரேகையைக் கணித்தார். 1877-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. மாலை, சக்கரம், தடி, கிண்ணம் ஆகியவை எவரும் ஐயுறாத அன்றாடப் பொருள்களாக இருந்தமையே அவருக்குக் காவலாயிற்று.

இதுவரை தனி மனிதன் சுமந்த பொருள்களைப் பார்த்தோம். ஆயினும் கயிறும் லோட்டாவும் மட்டும் தாகத்தைத் தீர்த்துவிடா. கிணறு ஒன்று இருத்தல் வேண்டும். அதனை வெட்டி வைப்பது சமுதாயத்தின் கடமை. டில்லியில் வாழும் நேயர்கள் பெரோஷ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகத் தூணைப் பார்த்திருக்கலாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தூணின் கல்வெட்டில், வழிநெடுக ஆலமரம் நட்டதையும் மாந்தோப்பு வைத்ததையும் கிணறு தோண்டியதையும் மனிதருக்கும் விலங்குக்கும் உரிய நலனாக அசோகர் குறித்திருக்கிறார். ஜஹாங்கீர் ஆக்ராவிலிருந்து லாகூர் வரை குரோசத்துக்கு ஒரு தூணும் மூன்று குரோசத்துக்கு ஒரு கிணறும் அமைக்கக் கட்டளையிட்டார். கோஸ் மினார் எனப்படும் அத்தூண்கள் ஹரியானாவில் இன்றும் பல இடங்களில் நிற்கின்றன. டில்லி மிருகக்காட்சிச் சாலையின் உள்ளேயும் ஒன்று உண்டு. தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்து நிற்கும் அத்தூண், வழி தவறியவனைப் பாதைக்கு அழைக்கும் குறியாகவும் அமைந்தது.

ஆனால் கிணறு இருந்தும், கையில் கயிறும் லோட்டாவும் இருந்தும், நீர் மறுக்கப்பட்ட மக்கள் இந்நாட்டில் இருந்தனர் என்பதை இந்த வரலாறு மறைக்கலாகாது. அவரவர் பாத்திரத்தை அவரவர் சுமந்து சென்ற வழக்கத்திற்கு வசதி மட்டுமே காரணம் என்று கூற இயலாது. தீட்டு என்னும் எண்ணமும் ஒரு காரணம். பிறர் பாத்திரத்தைத் தொடாதவன், பிறரைத் தன் கிணற்றையும் தொட விடவில்லை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்களுக்கு, வழி தவறிய நாளில் மட்டுமன்றிப் பிறந்த ஊரிலும் தாகம் இருந்தது. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி மஹாராஷ்டிரத்தின் மஹாட் நகரில் டாக்டர் அம்பேத்கரும் அவரைப் பின்பற்றிய ஆயிரக்கணக்கானோரும் சவதார் குளத்துக்கு நடந்து சென்று அதன் நீரை அள்ளிப் பருகினர். சட்டப்படி பொதுவாகிய குளத்தில் கைந்நீர் அருந்துவதற்கு ஓர் அறப்போர் வேண்டியிருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, கிணறு, குளம், நீராடும் துறை, சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதி மதம் காரணமாக எவரையும் அவற்றினின்றும் விலக்கலாகாது என விதித்தது. சட்டநூலில் கிணற்றுக்கு இடம் தந்தவர்கள், நாவறண்டு நிற்பதன் துயரை அறிந்தவர்களாகவே இருந்திருத்தல் வேண்டும்.

இன்று நாம் லோட்டாவும் கயிறும் சுமப்பதில்லை. சாலை ஓரத்தில் தண்ணீர் விலைக்குக் கிடைக்கிறது. கையடக்கமான கைப்பேசி வழி காட்டுகிறது, விளக்காகிறது, உதவிக்கு ஆளையும் அழைக்கிறது. ஆயினும் மலைச்சரிவில் அதற்குத் தொடர்பு அறுந்துபோவதும், குளிரில் அதன் மின்கலம் விரைவில் ஓய்ந்துபோவதும் உண்டு. பத்ரிக்கும் கேதாரத்துக்கும் அமர்நாத்துக்கும் யாத்திரை செல்லும் நம்மவர்கள், பெரிய மூட்டைகளைக் கழுதை மீதும் கூலியாளிடமும் ஏற்றிவிட்டுக் கைவீசி நடப்பதைக் காண்கிறோம். மூடுபனி இறங்கினால் மூட்டை ஒரு வளைவிலும் நாம் ஒரு வளைவிலுமாகப் பிரிந்துவிடுவது அரிதன்று. ஆகவே நீர்ப்புட்டி ஒன்று, வறுத்த கடலை இரண்டு பிடி, ஈரம் படாமல் சுற்றிய தீப்பெட்டி, ஒரு முழக் கயிறு அன்றிப் பல முழக் கயிறு, நீண்ட துணி ஒன்று, தொலைவிலுள்ளோரை அழைக்க ஓர் ஊதல் ஆகியவற்றைத் தோள்பையில் தாமே வைத்துக்கொள்வது நலம். துணியின் பயன் பல: வெயிலுக்கு முக்காடு, காயத்துக்குக் கட்டு, கலங்கல் நீருக்கு வடிகட்டி, ஒடிந்த கைக்குத் தூளி. வழி தவறினோம் என்று உணர்ந்தவுடன் மேலும் மேலும் நடக்காமல் ஓரிடத்தில் நின்று குரல் கொடுப்பதே நன்று என்று மலையேற்றத்தில் வல்லவர்கள் அறிவுறுத்துகின்றனர். எட்டு நாட்கள் அலைந்து கோல் நகரின் அண்மையிலேயே சுற்றிய தூதரின் கதையும் அதனையே கூறுகிறது.

அக்கதையில் இன்னும் ஒன்று கருதத்தக்கது. கடலை கொடுத்த அந்த மனிதரும் தம்மை வழி தவறியவர் என்றே கூறினார். எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது. பையில் இருந்த கடலை தமக்கு மட்டும் என்று அவர் முடிந்து வைத்துக்கொள்ளவில்லை. அந்நிய மொழி பேசும் அந்நிய மனிதர் ஒருவருக்கு அதனைப் பகிர்ந்தளித்தார். பிழைப்பை நாடி மொழி வேறான ஊர்களில் வாழும் நமக்கு, முதல் நாள் வழி கேட்டபோது நின்று வழி சொன்ன முகம் ஒன்று நினைவில் இருக்கும். அடுத்த முறை பிரயாணம் புறப்படும்போது, தோள்பையில் நமக்கு வேண்டியதைவிட ஒரு பிடிக் கடலை அதிகமாக இருக்கட்டும்.